அடுத்தவர் தளத்தின் செலவுக் கணக்கு

வாடிக்கையாளர் விவரங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன, விற்பனைப் பதிவுகள் ஆரக்கிளில். இரண்டையும் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு காலத்தில் நிறுவின. ஒன்றின் நிர்வாகிக்கு மற்றதில் கை வைக்க அதிகாரம் கிடையாது. இந்த நிலையில் ஒரு கேள்வி வருகிறது: குறிப்பிட்ட ஓர் ஊரின் வாடிக்கையாளர்கள் இதுவரை என்னென்ன வாங்கியிருக்கிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஊரில் 500 வாடிக்கையாளர்கள். விற்பனை அட்டவணையில் 1 கோடி பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட். இரு தளங்களுக்கும் நடுவே நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பு இருக்கிறது; ஒருமுறை கேட்டுப் பதில் வாங்க 20 மில்லிநொடி ஆகும். விற்பனை அட்டவணை முழுவதையும் இழுத்து வந்து இங்கே வாடிக்கையாளர் பட்டியலோடு ஜாயின் செய்தால் 200 கோடி பைட் நகர வேண்டும். அதற்கு 160 நொடி. 500 வாடிக்கையாளர் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பிக் கேட்டால், போய்வரும் நேரம் மட்டும் 10 நொடி. ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்பினால் பத்தே பயணம். ஆளுக்குப் பத்துப் பதிவு என்று வைத்தாலும் திரும்பி வருவது 10 லட்சம் பைட்தான், அரை நொடிக்குள் முடிந்துவிடும். மூன்று வழியிலும் விடை ஒன்றே.

ஆனால் கடைசிக் கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆரக்கிள் பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்துப் பயணத்தில் ஒவ்வொன்றுக்கும் 1 கோடி பதிவுகளையும் தலைமுதல் கால்வரை படிக்க நேரும். நடுவில் உட்கார்ந்து வழி தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசருக்கு அந்த இண்டெக்ஸ் பற்றித் தெரியாது. பல சமயம் தெரிந்துகொள்ள அனுமதியும் இருக்காது.

தன்னாட்சி கொண்ட பல தரவுத்தளங்களின் மீது ஒரே வினவலை ஓட்டும் துறையின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு தெரியாமையோடு நடந்த போராட்டமாகவே நான் பார்க்கிறேன். சாத்தியமான திட்டங்களை வரிசையாக அலசி மலிவானதைப் பொறுக்கும் கலை 1979-லேயே கைக்கு வந்துவிட்டது. மலிவானது எது என்று சொல்லத் தேவையான தகவல் யாரிடம் இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் அதன் பிறகான உழைப்பெல்லாம் போயிருக்கிறது.

அந்த 1979-ஆம் ஆண்டு ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் திட்டத்தில் இருந்த பாட்ரிசியா செலிஞ்சரும் சகாக்களும் எழுதிய கட்டுரை இன்றும் பெரும்பாலான ஆப்டிமைசர்களின் அடித்தளம். ஒவ்வொரு அட்டவணையையும் எந்த வழியில் படிப்பது, எந்த வரிசையில் ஜாயின் செய்வது என்பதைச் சிறு துண்டுகளில் தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போகும் முறை அது. ஒவ்வொரு படியிலும் எத்தனை பதிவு மிஞ்சும் என்று அனுமானிக்க அட்டவணை அளவு, இண்டெக்ஸில் உள்ள வேறுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கை போன்ற புள்ளிவிவரங்களை அது நம்பியது. அவை இல்லாத இடத்தில் சமன்பாட்டு நிபந்தனைக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிது-சிறிது நிபந்தனைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று துணிந்து ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. தன் வீட்டுத் தரவுக்கு இது போதும். அடுத்தவர் தளத்துக்குப் போகும்போது எல்லா நிபந்தனையும் இந்தக் குத்துமதிப்பில் போய் விழுகிறது.

ஒரே நிறுவனத்தின் தரவைப் பல ஊர்க் கணினிகளில் பரப்பிவைக்கும் முயற்சிகளும் அதே காலத்தில் நடந்தன. அமெரிக்காவின் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா உருவாக்கிய எஸ்டிடி-1, ஆர்பாநெட் மீது ஓடியது. அந்தக் காலக் கம்பியின் வேகத்தைப் பார்த்து, கம்பிவழிச் செலவு மட்டுமே செலவு, உள்ளூர் வேலை இலவசம் என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். செமிஜாயின் என்ற உத்தி அங்கே முழு வடிவம் பெற்றது: முதலில் ஜாயின் புலத்தின் மதிப்புகளை மட்டும் அனுப்பு, பொருந்தும் பதிவுகள் மட்டும் திரும்பி வரட்டும். மேலே போட்ட கணக்கில் ஐம்பது ஐம்பதாக அனுப்பியதும் இந்த உத்தியின் வாரிசுதான். பிறகு ஐபிஎம்மின் ஆர்-ஸ்டார் திட்டத்தில் மேக்கர்ட்டும் லோமனும் ஓட்டி அளந்து 1986-இல் வெளியிட்ட முடிவு, உள்ளூர் வேலையை இலவசம் என்று ஒதுக்கிவிட முடியாது என்று காட்டியது. மதிப்புகளை அப்படியே அனுப்பாமல் அவற்றின் சுருக்கமான பிட் வடிவத்தை அனுப்பும் புளூம்ஜாயின் பெரும்பாலான சூழல்களில் முந்தியதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

எஸ்டிடி-1, ஆர்-ஸ்டார் இரண்டிலும் எல்லா முனையிலும் ஒரே மென்பொருள், ஒரே நிர்வாகம். கேட்டால் புள்ளிவிவரம் கிடைக்கும். வெவ்வேறு மென்பொருள்களைச் சேர்த்துவைக்கும் மல்டிபேஸ் என்ற திட்டத்தையும் அதே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் 1980-களின் தொடக்கத்தில் கையில் எடுத்தபோதுதான் சிக்கல் வேறு முகம் காட்டியது. 1990-இல் அமித் சேத்தும் ஜேம்ஸ் லார்சனும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை இந்தப் பரப்பை மூன்று அச்சுகளில் வைத்து அளந்தது: பரவல், வேற்றுமை, தன்னாட்சி. பரவலுக்கு ஆர்-ஸ்டார் விடை சொல்லியிருந்தது. வேற்றுமையை மொழிபெயர்ப்பு அடுக்குகளால் ஓரளவு சமாளிக்கலாம். தன்னாட்சிக்கு மாற்றே இல்லை. ஒரு மருத்துவமனையின் தளமோ வங்கியின் தளமோ தன் அன்றாட வேலைக்காக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வினவலுக்காக அது தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. அந்தத் தன்னாட்சியை மதித்துக்கொண்டே எப்படி வேலை செய்வது என்று கேட்ட ஆய்வுகள்தான் நிலைத்தன.

தெரியாத தளத்தின் செலவை அறிய முதலில் தோன்றிய வழி, அதைத் தட்டிப் பார்ப்பது. எச்பி நிறுவனத்தின் பெகாசஸ் திட்டத்தில் டூ, கிருஷ்ணமூர்த்தி, ஷான் மூவரும் 1992-இல் அளவுதிருத்த முறையை முன்வைத்தார்கள். தாங்களே வடிவமைத்த செயற்கைத் தரவை அந்தத் தளத்தில் ஏற்றி, தேர்ந்தெடுத்த வினவல்களை ஓட்டி, ஆன நேரத்திலிருந்து செலவுச் சூத்திரத்தின் கெழுக்களைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. முறை நேர்த்தியானது. ஆனால் சோதனைத் தரவை ஏற்ற இடம் கொடுக்க எந்தத் தள நிர்வாகி ஒப்புவார்? கனடாவின் வாட்டர்லூவில் சூவும் வேறொரு லார்சனும் இந்தத் தடையைத் தாண்டினார்கள். ஏற்கெனவே உள்ள தரவின் மீது ஓடும் வினவல்களை வகை பிரித்து, வகைக்குச் சிலவற்றை மாதிரியாக ஓட்டி, அந்த நேரங்களுக்குச் சூத்திரம் பொருத்தும் முறை அவர்களுடையது. சாதாரணப் பயனாளருக்கு உள்ள அனுமதியே அதற்குப் போதும். காலையில் சும்மா இருந்த தளம் மாதக் கடைசி மாலையில் திணறும்போது அந்தச் சூத்திரம் பொய்த்துப்போகும் என்பதால், நெரிசல் நிலைக்கு ஏற்பப் பல சூத்திரங்கள் வைத்துக்கொள்ளும் நீட்சிகளும் பின்னால் வந்தன.

ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில் லாரா ஹாஸ் குழுவினரின் கார்லிக் திட்டம் வேறு பாதையில் போனது. என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த ஆகச் சிறந்த சிந்தனை அதுதான். ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில் நின்று பேச ராப்பர் என்ற ஒரு சிறு மென்பொருள் எழுதப்படும். நடு ஆப்டிமைசர் ஒரு வினவல் துண்டை ராப்பரிடம் நீட்டி, 'இதில் எவ்வளவு உன்னால் முடியும்?' என்று கேட்கும். முழுவதும் முடியும், பாதி முடியும், அல்லது முடியவே முடியாது என்று ராப்பர் சொல்லலாம். முடியும் என்றால் தன் திட்டத்தையும், அதற்காகும் செலவையும், விடை எந்த வரிசையில் வரும் போன்ற பண்புகளையும் சேர்த்துக் கொடுக்கும். ஒரு தனி அட்டவணையைப் படிக்க, இரண்டை ஜாயின் செய்ய, மேலிருந்து அனுப்பும் மதிப்புகளை ஏற்றுத் தேட என்று ராப்பரிடம் தனித்தனிக் கேள்விகள் உண்டு. தளத்தின் குணம் அறிந்தவர் ராப்பரை எழுதியவர். ஆகவே அவரே அதன் சார்பில் பேசட்டும் என்பது இதன் சாரம்.

இதனால் கிடைத்த பலன் சாதாரணமானதல்ல. கார்லிக் சேர்க்க நினைத்தவை எஸ்க்யூஎல் பேசும் தளங்கள் மட்டுமல்ல. நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் படம் தேடும் பொறி, உரைத்தேடல் பொறி, வேதி மூலக்கூறுகளின் அமைப்பைத் தேடும் மென்பொருள் எல்லாம் அதில் இருந்தன. 'இந்தப் படத்தைப் போன்ற பத்துப் படங்கள்' என்ற தேடலின் செலவுக்குச் செலிஞ்சரின் சூத்திரத்தில் இடமில்லை. அந்தப் பொறியின் ராப்பரால்தான் அதைச் சொல்ல முடியும். 1999-இல் மேரி ராத், பாத்மா ஓஸ்கான், ஹாஸ் மூவரும் ராப்பர்கள் செலவைச் சொல்லும் சட்டகத்தை விரிவாக்கினார்கள். எதுவும் சொல்ல விரும்பாத ராப்பருக்குப் பொதுச் சூத்திரம் இருக்கும். விரும்புபவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தகவலைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ராப்பர் எழுதுபவர்மேல் ஒரேயடியாகப் பாரம் ஏற்றாத இந்தப் படிப்படியான ஏற்பாடு நடைமுறை அறிந்தவர்களின் வேலை. கார்லிக்கின் கருத்துகள் பின்னால் டிபி2-வின் கூட்டமைப்பு வசதிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவின் மாரிபோசா இதே கேள்விக்குச் சந்தையை விடையாக வைத்தது. வினவலுக்கு ஒரு பட்ஜெட் உண்டு. தரகர் அதைத் துண்டுகளாக்கி ஏலம் கேட்பார். தளங்கள் தங்கள் அன்றைய நெரிசலுக்கு ஏற்ப விலை சொல்லும். தளத்தின் தன்னாட்சி இதில் முழுமையாக நிற்கிறது. ஆனால் சரியான விலை சொல்ல ஒவ்வொரு தளத்துக்கும் தன் செலவு தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு வினவலுக்கும் ஏலச் செய்திகள் போய்வர வேண்டும். சிறு வினவலுக்கு அது தாங்காது.

செலவைப் பற்றி இவ்வளவு எழுதிய துறை, விடையின் சரித்தன்மை பற்றிப் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. வேலையைத் தரவு இருக்கும் இடத்துக்கே தள்ளிவிடு என்பது இந்தத் துறையின் முதல் விதி. தள்ளிவிட்ட பிறகு விடை மாறாமல் இருக்க வேண்டுமே! ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரமும் 'நல்' என்ற, மதிப்பே இல்லை என்னும் குறியும் ஒன்று. போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டும் வேறு. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ஒப்பீடு ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகளை வேறுபடுத்தாது. அதனால் பல தளங்களின் மீது வினவல் ஓட்டும் ட்ரினோ என்ற பொறியில், மைஎஸ்க்யூஎல்லோடு அதை இணைக்கும் கனெக்டர் எழுத்துப் புலங்களின் மீதான நிபந்தனைகளைக் கீழே தள்ளுவதில்லை என்று அதன் ஆவணம் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் கனெக்டரிலும் எழுத்துப் புலத்தின் சமன்பாட்டு நிபந்தனையைத் தள்ளும், பெரிது-சிறிது ஒப்பீட்டைத் தள்ளாது. தொலைத் தளம் எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கலாம் என்பதே காரணம்.

வரிசை வேறுபாடு என்ன செய்யும் என்பதைத் தமிழ்த் தரவை வைத்தே தெளிவாகக் காட்டலாம். யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்த எண் 'ன'. அதற்கு அடுத்த எழுத்து 'ப'. 'ர'வை அடுத்து 'ற', 'ல'வை அடுத்து 'ள', பிறகு 'ழ', அதன் பின் 'வ'. நாம் பள்ளியில் படித்த வரிசையில் 'ன' மெய்களின் கடைசி. ஒரு தளம் குறியீட்டு எண் வரிசையில் அடுக்குகிறது, மற்றொன்று தமிழ் அகர வரிசையில் அடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 'அடுக்கித் தந்துவிட்டேன்' என்று உண்மையைத்தான் சொல்கின்றன. நடு ஆப்டிமைசர் அதை நம்பி மெர்ஜ் ஜாயின் போடுகிறது. இரு பட்டியலையும் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாக ஒரே நடையில் ஒப்பிட்டுக்கொண்டு போகும் முறை அது. 'ன' வரும் பெயர்களில் ஒரு பட்டியல் முந்திப் போய்விடும், பொருந்த வேண்டிய பதிவுகள் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அறிக்கையில் சில வாடிக்கையாளர்கள் காணாமல் போயிருப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரு தளம் இயல்பாக்கிச் சேமித்து மற்றொன்று அப்படியே சேமித்திருந்தால், எவ்வளவு வேகமான செமிஜாயினும் வெறுங்கையோடு திரும்பும்.

திட்டம் போடும் நேரத்தில் தெரியாததை ஓடும் நேரத்தில் தெரிந்துகொள்வோம் என்று கிளம்பியது அடுத்த தலைமுறை. ஒரு தளம் பதில் தராமல் நின்றால் திட்டத்தின் வேறு பகுதியை முன்னே நகர்த்தும் உத்தியை 1998-இல் உர்ஹான், ஃபிராங்க்ளின், ஆம்சலெக் மூவரும் எழுதினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டுக்விலா (1999) கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடைவெளி பெரிதானால் திட்டத்தையே மறுபடி போட்டது. 2000-இல் ஆவ்னரும் ஹெல்லர்ஸ்டைனும் கொண்டுவந்த எடி என்ற கருவியில் முன்கூட்டிய திட்டமே கிடையாது. ஒவ்வொரு பதிவும் அப்போது எந்த வழி வேகமாக ஓடுகிறதோ அதில் திருப்பிவிடப்படும். எடி துணிச்சலான சிந்தனைதான். ஆனால் தரவு ஏற்கெனவே கம்பியில் ஏறிய பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. பல தளச் சூழலில் பெரிய சேமிப்பு எதை ஏற்றாமல் விடுவது என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஐபிஎம்மின் லியோ (2001) செய்ததுபோல, ஓடி முடித்த வினவலின் உண்மை எண்ணிக்கையை எடுத்து அடுத்த வினவலின் அனுமானத்தைத் திருத்துவது இந்தச் சூழலுக்கு இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன். தொலைத் தளத்திடம் புதிதாக எதையும் கேட்காமலேயே அதைச் செய்யலாம்.

இந்தப் பட்டறிவெல்லாம் இன்று கையில் கிடைக்கும் மென்பொருள்களில் எவ்வளவு இறங்கியிருக்கிறது? வெளித் தரவை அட்டவணைபோல் பார்க்கும் எஸ்க்யூஎல்-மெட் தரத்தைப் பின்பற்றி, போஸ்ட்கிரெஸ் 2011-இல் 9.1 பதிப்பில் வெளி அட்டவணைகளைக் கொண்டுவந்தது. இன்னொரு போஸ்ட்கிரெஸ்ஸோடு பேசும் எஃப்டிடபிள்யூ (வெளித் தரவு ராப்பர்) 2013-இல் 9.3 பதிப்பில் வந்தது. ஜாயினைத் தொலைத் தளத்துக்கே தள்ளும் வசதி 2016-இல் 9.6-லும், கூட்டுத்தொகை, சராசரி போன்றவற்றைத் தள்ளுவது 2017-இல் 10-லும் சேர்ந்தன. தொலைத் தளத்தையே அழைத்து 'இதற்கு என்ன செலவாகும்' என்று கேட்கும் அமைப்பு அதில் இருக்கிறது. ஆனால் இயல்பில் அது அணைந்திருக்கும். அணைந்திருந்தால் உள்ளூரில் சேமித்த புள்ளிவிவரத்தைப் பார்க்கும். அந்தப் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை, நிர்வாகி கையால் அனலைஸ் ஓட்ட வேண்டும். ஒரு பதிவைக் கம்பியில் கொண்டுவரும் செலவுக்கு 16-ஆம் பதிப்பு வரை வைத்திருந்த எண் 0.01. உள்ளூரில் ஒரு பதிவைக் கையாள வைத்திருக்கும் எண்ணும் அதுவே. 17-இல்தான் அதை 0.2 ஆக்கினார்கள். பத்தாண்டுக்கு மேலாகக் கம்பியில் தரவை இழுப்பது ஏறக்குறைய இலவசம் என்று அந்த ஆப்டிமைசர் நம்பிக்கொண்டிருந்தது.

அருகே போய்ப் பார்த்தால் இதைவிட அற்பமாகத் தோன்றும் ஓர் எண்ணும் பெரிய சேதம் செய்யும். அதே எஃப்டிடபிள்யூ தொலைத் தளத்திலிருந்து இயல்பில் ஒரு தடவைக்கு 100 பதிவுகளாக எடுக்கிறது. 50 லட்சம் பதிவு வர வேண்டுமானால் 50,000 பயணம். பயணத்துக்கு 20 மில்லிநொடி என்றால் காத்திருப்பு மட்டும் 1,000 நொடி, பதினாறு நிமிடத்துக்கு மேல். கம்பியின் அகலம் எவ்வளவு இருந்தாலும் இதில் பயனில்லை. இந்த எண்ணை மாற்றிவிட்டு, வினவல் திட்டத்தில் ஜாயின் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று பார்ப்பதே பல இடங்களில் முதல் மருந்து. திட்டத்தில் தொலைத் தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் வரியை அப்படியே காட்டச் சொல்லலாம். அந்த வரியில் நம் நிபந்தனை இல்லையென்றால் அட்டவணை முழுவதும் இங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஃபேஸ்புக்கில் 2012-இல் தொடங்கிய பிரெஸ்டோவிலிருந்து கிளைத்த ட்ரினோ, கனெக்டர்களிடம் நிபந்தனை, கூட்டல், ஜாயின், வரம்பு ஒவ்வொன்றையும் நீட்டி 'இதை ஏற்றுக்கொள்கிறாயா' என்று கேட்கிறது. கார்லிக்கின் உரையாடல் இங்கே திரும்ப வந்திருக்கிறது. ஆனால் ஏற்றுக்கொண்ட கனெக்டர் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல இடமில்லை. அட்டவணையின் புள்ளிவிவரத்தைக் கொடுக்கலாம், செலவை நடு ஆப்டிமைசர் தானே ஊகித்துக்கொள்ளும். ராத் குழுவினர் 1999-இல் திறந்துவைத்த கதவு இங்கே பாதிதான் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் ஜாயின் மதிப்புகள் வந்ததும் அதை மறுபக்கத்துக்கு வடிகட்டியாக அனுப்பும் ட்ரினோவின் உத்தியில் பழைய செமிஜாயினின் முகம் தெரிகிறது. அப்பாச்சி கால்சைட் இதைவிடப் பொதுவான அடித்தளம். ஒவ்வொரு தளத்தின் செயல்பாட்டையும் திட்டத்தின் ஒரு பண்பாகக் குறித்து, விதிகளால் வேலையை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும். அதைப் பற்றிய 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையின் எடுத்துக்காட்டில், ஸ்ப்ளங்க் என்ற தேடல் தளத்தில் ஆர்டர்கள், மைஎஸ்க்யூஎல்லில் பொருள்கள். ஸ்ப்ளங்கே வெளித் தளத்தில் தேடிப் பார்க்கவல்லது என்பதால் ஜாயின் ஸ்ப்ளங்குக்குள்ளேயே நடக்கும் திட்டத்தை அது கண்டுபிடிக்கிறது. நடுவர் ஒதுங்கி நிற்க, ஒரு தளமும் மறு தளமும் நேரே பேசும் வழி இது. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைத் தரவான மிமிக்-2-ஐ போஸ்ட்கிரெஸ், சைடிபி, அக்யுமுலோ எனப் பிரித்துவைத்த பிக்டாக் திட்டமும் இதே திசையில் போனது.

பதிவுகளின் எண்ணிக்கையை அனுமானிப்பதே ஒற்றைத் தளத்திலும் தீராத நோய் என்பதை மறக்கக் கூடாது. ஜாயின் கூடக்கூட அனுமானப் பிழை அடுக்குக்குறி வேகத்தில் பெருகும் என்று 1991-லேயே அயோனிடிஸும் கிறிஸ்டோடூலாகிஸும் நிறுவினார்கள். 2015-இல் விக்டர் லைஸ் குழு ஐஎம்டிபி திரைப்படத் தரவின் மீது 113 வினவல்களை ஓட்டி, தேர்ந்த வணிக ஆப்டிமைசர்களும் பல மடங்கு தவறுவதையும், செலவுச் சூத்திரத்தின் நுணுக்கத்தைவிட இந்த எண்ணிக்கைப் பிழையே அதிகம் கெடுப்பதையும் காட்டியது. தன் தரவையே இப்படி எண்ணத் தடுமாறும் இடத்தில், அடுத்தவர் தரவைக் கைப்பிடி அளவு புள்ளிவிவரத்தோடு எண்ணுவது எவ்வளவு கடினம்!

மேகச் சேவைகள் வந்த பிறகு செலவு என்ற சொல்லுக்கே இன்னொரு கணக்கும் சேர்ந்துவிட்டது. ஒரு சேவையிலிருந்து வெளியே போகும் தரவுக்கு ஜிபி கணக்கில் கட்டணம். வேகமான திட்டம் விலையுயர்ந்த திட்டமாகவும் இருக்கலாம். மாரிபோசாவின் பட்ஜெட்டை மறுபடி எடுத்துப் படிக்க இது நல்ல காரணம்.

தரவைக் கேட்டு வாங்கும் அப்பாச்சி ஆரோவின் ஏடிபிசி இடைமுகம், அதன் 1.1 பதிப்பில் புள்ளிவிவரம் கேட்கும் அழைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அட்டவணையில் எத்தனை பதிவு, ஒரு புலத்தில் எத்தனை வேறுபட்ட மதிப்பு, எத்தனை நல், மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று ஒரே வடிவத்தில் எந்தத் தளத்தையும் கேட்கலாம். இது வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டியது, வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. தளம் எந்த வரிசையில் எழுத்துகளை அடுக்குகிறது, இந்த வினவல் துண்டை அதனிடம் தள்ளினால் எத்தனை நொடி ஆகும், இந்த நேரத்தில் அது எவ்வளவு திணறிக்கொண்டிருக்கிறது ஆகிய மூன்றையும் அந்தத் தரப்படுத்திய புள்ளிவிவரப் பட்டியலில் கேட்க இன்னும் இடமில்லை.